நாரி உளைவைக் கேட்டு எழுதிக்கொள்ளும் இடம்: அவுஸ்திரேலிய அரசின் எண்டோமெற்றியோசிஸ் கிளினிக்குகள் பற்றி

கடந்த 9 மாதங்களில் என் தம்பியின் மனைவியை, மெல்பேர்ண் புறநகர் ஒன்றில் இயங்கும் எண்டோமெற்றியோசிஸ் கிளினிக்குக்கு 4 தடவைகள் அழைத்துச் சென்று வந்திருக்கிறேன். அவுஸ்திரேலிய மத்திய அரசின் நிதியுதவியோடு எல்லா மாநிலங்களிலும் நடக்கும் கிளினிக்குகளில் அதுவும் ஒன்று. குறைகளையும் சேர்த்தே எழுதப்போகிறேன் என்பதால் அதன் பெயரை இங்கே சொல்லவில்லை. இந்த நோயுள்ளவர்களுக்கென்று அரசும் சுகாதாரத் துறையும் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு முழுவதையுமே மதிப்பிட விரும்புகிறேன். எனக்கும் இதே நோய் இருக்கிறது. அரசின் இந்தக் கிளினிக்குகள் எவையும் தொடங்கப்படாத 2013ஆம் ஆண்டில் எனக்கு அது கண்டறியப்பட்டது. ஆகவே இரண்டு காலங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க என்னால் முடிகிறது.

அறியாதவர்களுக்காக நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே, சூலகங்களிலும் குடலிலும் சிறுநீர்ப்பையிலும் இடுப்புக்குழியின் சுவரிலும் வளர்வதே எண்டோமெற்றியோசிஸ். அந்த இடங்களில் அழற்சி ஏற்படும், தழும்பு விழும், சிலருக்கு உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாதவிடாய் நாட்களில் எழுந்து நிற்கவே முடியாத வலி, மலசலம் கழிக்கும்போது வலி, கணவன் மனைவி உறவின்போது வலி, எவ்வளவு தூங்கினாலும் தீராத களைப்பு, சிலருக்குக் கருத்தரிப்பதில் சிரமம் என்று அது பல முகங்களில் வரும். முற்றாகக் குணப்படுத்தும் சிகிச்சை இன்றுவரை இல்லை, கட்டுக்குள் வைத்திருக்கலாம். 1973க்கும் 1978க்கும் இடையில் பிறந்த அவுஸ்திரேலியப் பெண்களில் ஏறத்தாழ 7 பேருக்கு ஒருவருக்கு, 44 முதல் 49 வயதாவதற்குள் இந்த நோய் கண்டறியப்பட்டிருக்கிறது என்று அவுஸ்திரேலிய சுகாதார, நலன்புரி நிறுவகம் கணித்திருக்கிறது. நமது கோயில் மண்டபத்தில் ஒரு வரிசையில் அமர்ந்திருக்கும் பெண்களை எண்ணிப் பார்த்தாலே இது எவ்வளவு பரவலான நோய் என்பது விளங்கும்.

எனக்கு வலி தொடங்கியது 13 வயதில், யாழ்ப்பாணத்தில். பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட நாளில் அம்மா உள்ளிக் கஞ்சி காய்ச்சித் தந்து, சுடுதண்ணீர்ப் போத்தலைச் சீலையால் சுற்றி என் அடிவயிற்றில் வைத்துவிட்டு, "பொம்பிளையள் எண்டால் இது வாறதுதானே பிள்ளை, கலியாணம் கட்டி ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாப் போயிடும்" என்றார். அம்மாவைக் குறை சொல்ல என்னால் முடியாது. அவருக்கு அவருடைய தாய் சொன்னதும் அதுவே. இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் பார்த்த வைத்தியர்களும் ஏறக்குறைய அதையே ஆங்கிலத்தில் சொன்னார்கள். 10 நிமிடச் சந்திப்பு ஒவ்வொன்றும் பனடோலோடும் நியூரோபனோடும் முடிந்தது. ஒருவர் குடலில் கோளாறு என்றார். இன்னொருவர் மன அழுத்தம் என்றார். வேறொருவர், வேலைக்குப் போகிறீர்கள்தானே, அப்படியென்றால் தாங்கக்கூடிய வலிதான் என்றார். கடைசியில் சூலகத்தில் இருந்த ஒரு கட்டியை அகற்ற, வயிற்றில் சிறு துளையிட்டுக் கமெராவை விட்டுச் செய்த லப்பரஸ்கொபி சத்திரசிகிச்சையின்போதுதான் நோய் கண்ணில் பட்டது. அப்போது எனக்கு வயது 31. வலி தொடங்கியதிலிருந்து நோய்க்குப் பெயர் கிடைக்கும்வரை இந்த நாட்டில் சராசரியாக 6 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்று சொல்கிறார்கள். எனக்கு 18 ஆண்டுகள் ஆயின.

இந்தத் தாமதத்துக்காக அரசு ஒரு தடவை வாய்விட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறது. 2017 டிசம்பரில், அப்போதைய சுகாதார அமைச்சர் கிரெக் ஹன்ட், கன்பராவில் நாடாளுமன்றக் கட்டடத்தில் நோயுள்ள பெண்கள் கூடியிருந்த நிகழ்வொன்றில், மருத்துவ அமைப்பு அவர்களைக் கைவிட்டதற்காக மன்னிப்புக் கோரினார். அந்தச் செய்தியை நான் சமையலறையில் நின்றபடி பார்த்து அழுதேன். நோயுள்ளவர்களே தொடங்கி நடத்திய அமைப்புகள் பல ஆண்டுகள் கதவைத் தட்டியதன் பலன் அது. 2018 ஜூலையில் எண்டோமெற்றியோசிஸுக்கான தேசியச் செயற்திட்டம் வெளியானது. விழிப்புணர்வும் கல்வியும், சிகிச்சையும் பராமரிப்பும், ஆராய்ச்சி என்று மூன்று பகுதிகளாக அது பணிகளை வகுத்தது. 2022-23 வரவுசெலவுத் திட்டத்தில் 5 கோடி 80 இலட்சம் டொலர் அளவிலான தொகுதியொன்று அறிவிக்கப்பட்டு, அதற்குள் கிளினிக்குகளுக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. 2023இல் முதல் 20 கிளினிக்குகளின் இடங்கள் அறிவிக்கப்பட்டன. பிறகு கிளினிக்குகளின் எண்ணிக்கை 22 ஆனது. 2025 பெப்ரவரியில் மேலும் 11 சேர்த்து 33 ஆக்கப்போவதாகவும், மாதவிடாய் நிற்கும் காலத்துச் சிரமங்களுக்கும் அவை உதவும் என்றும் அரசு அறிவித்தது. இடையில் ஆட்சி மாறியும் இந்தப் பணி நிறுத்தப்படவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பெண்களின் வலி என்பது ஒரு கட்சியின் திட்டத்தோடு வந்து அதனோடு போய்விடாமல் இருந்தது இதுவே எனக்குத் தெரிந்து முதல் தடவை.

இனி நாங்கள் போய்வந்த கதைக்கு வருகிறேன். மச்சாள் யாழ்ப்பாணத்திலிருந்து திருமணமாகி இங்கே வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆங்கிலம் வாசிப்பார், ஆனால் வைத்தியரின் முன்னால் உட்கார்ந்தால் வார்த்தை வராது. மாதத்தில் நான்கைந்து நாட்கள் அவர் குளியலறைத் தரையில் சுருண்டு கிடப்பதைத் தம்பி வெகுநாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னான். கிளினிக்குக்கு நானே தொலைபேசியில் அழைத்தேன். இந்தக் கிளினிக்குகள் பெரிய வைத்தியசாலைகளில் அன்றிப் பொது வைத்தியர்கள் இருக்கும் நிலையங்களுக்குள்ளேயே அமைந்திருக்கின்றன. எங்களிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கவில்லை. எல்லா இடங்களிலும் நடைமுறை ஒன்றாக இல்லாததால் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. முதற் சந்திப்புக்கு 11 வாரங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. வலியோடு இருப்பவருக்கு 11 வாரங்கள் என்பது மூன்று மாதவிடாய்கள். இதை முதற் குறையாக இங்கே பதிந்துவைக்கிறேன்.

சந்திப்பு நாளில் நடந்ததை விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இந்த ஏற்பாட்டின் பெறுமதி முழுவதும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்கிறது. முதலில் ஒரு தாதி எங்களை உள்ளே அழைத்தார். கதவைச் சாத்திவிட்டு, மேசையில் ஒரு தாளை விரித்தார். அதில் ஒரு பெண்ணுடலின் முன்புறமும் பின்புறமும் வெறும் கோடுகளாக வரையப்பட்டிருந்தன. எங்கெங்கே வலிக்கிறதோ அங்கெல்லாம் நிறம் தீட்டுமாறு சொல்லி ஒரு சிவப்பு பென்சிலைக் கொடுத்தார். மச்சாள் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்க வாய் திறந்தபோது, தாதி மிகவும் மரியாதையாக என்னை நிறுத்தி, வீட்டாரை மொழிபெயர்ப்பாளராக வைப்பதில்லை என்றும், தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்கெனவே ஒழுங்கு செய்திருப்பதாகவும் சொன்னார். எனக்கு முதலில் மனம் சுருங்கியது. பிறகு, உறவின்போது வலி இருக்கிறதா என்ற கேள்வி வருவதற்கு முன் என்னை வெளியே இருக்கச் சொன்னபோதுதான் அதன் நியாயம் விளங்கியது. கணவனின் அக்காவை அருகில் வைத்துக்கொண்டு எந்தப் பெண் அதற்குப் பதில் சொல்வார்? அந்த 20 நிமிடத்தில் மச்சாள் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது; தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

நான் உள்ளே இருந்த நேரத்தில் ஓர் இடத்தில் மொழிபெயர்ப்புத் தடுமாறியது. "நாரி உளையுது, கால் மட்டும் இழுத்துக்கொண்டு போகுது" என்று மச்சாள் சொன்னார். தொலைபேசியின் மறுமுனையில் இருந்த அம்மையார் தமிழ்நாட்டவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. "நாரின்னா எந்த இடம்மா?" என்று கேட்டார். மச்சாள் பேசாமல் கையை முதுகின் கீழ்ப்புறத்தில், இடுப்பெலும்புக்கு மேலே வைத்துக் காட்டினார். தொலைபேசிக்கு அது தெரியாது, தாதி பார்த்துக்கொண்டிருந்தார். உளைவு என்பதும் குத்து என்பதும் ஒன்றா என்று அவர் மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார். ஒன்றில்லை, குத்து வந்து போகும், உளைவு இருந்துகொண்டே இருக்கும் என்று மச்சாள் சொன்னார். தாதி தாளில் முதுகுப்புறப் படத்துக்கு அருகே ஆங்கில எழுத்தில் 'நாரி' என்று எழுதி, அதன் கீழே உளைவு என்பதையும் எழுதிக்கொண்டார். மூன்றாவது தடவை போனபோது அவரே, இன்றைக்கு நாரி எப்படி என்று கேட்டார். என் 18 ஆண்டுகளில் நான் சொன்ன எந்தச் சொல்லையும் எந்த வைத்தியரும் அப்படி எழுதிக்கொண்டதில்லை.

பின்னர் வந்த வைத்தியர் அந்தத் தாளை வைத்துக்கொண்டே பேசினார். அடிவயிற்றில் குத்தி இழுப்பது, நாரி உளைவது, காலுக்குள் எரிந்துகொண்டு போவது ஆகிய மூன்றும் மூன்று விதமான வலிகளாக இருக்கலாம், கருப்பைத் தசையும் இறுகிப்போன இடுப்புத் தசைகளும் நரம்புகளும் தனித்தனியே காரணமாகலாம், ஆகவே ஒரு குளிசை மூன்றையும் மாற்றாது என்று விளக்கினார். இவ்வளவு நேரம் கொடுக்க அவரால் முடிந்ததற்குக் கிளினிக்குக்கான அரசு நிதியும், 60 நிமிடத்துக்கும் மேற்பட்ட பொது வைத்தியச் சந்திப்புக்கென்று 2023 நவம்பரில் மெடிகெயார் என்ற அரசின் பொதுச் சுகாதாரக் காப்புறுதியில் சேர்க்கப்பட்ட தனிக் கொடுப்பனவும் காரணம். வைத்தியர்களின் நல்ல மனத்தை நம்பி மட்டும் இது நடக்காது. 10 நிமிடத்துக்கே பணம் கொடுக்கும் முறை இருக்கும்வரை 10 நிமிடப் பதிலே கிடைக்கும்.

ஸ்கான் பற்றி நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆழமாகப் பரவிய எண்டோமெற்றியோசிஸைத் தேடுவதற்குப் பெரும்பாலும் யோனி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட் பரிசோதனையே பயன்படுகிறது. திருமணமாகாத பெண்பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார் இதைக் கேட்டவுடனேயே பிள்ளையை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள் என்பதை நான் அறிவேன். அது கட்டாயமில்லை. வேண்டாம் என்று சொல்லலாம். வயிற்றின் மேலால் செய்யும் அல்ட்ராசவுண்டையோ எம்.ஆர்.ஐ. ஸ்கானையோ பற்றிக் கேட்கலாம். பெண் ஒருவரே செய்ய வேண்டும் என்றும் கேட்கலாம். மச்சாளுக்குப் பெண் ஒருவர் வேண்டுமென்று கிளினிக் எழுதிக் கொடுத்திருந்தும், ஸ்கான் நிலையத்தில் அன்றைக்கு ஆண் ஒருவரே இருந்தார். நாங்கள் திரும்பி வந்து, இன்னொரு நாள் எடுத்து, இரண்டு வாரம் கழித்துப் போனோம். கிளினிக்கின் கதவுக்குள்ளே கிடைக்கும் கவனிப்பு அடுத்த தெருவிலுள்ள நிலையத்துக்குப் போனவுடன் காணாமற்போவது இந்த ஏற்பாடு முழுவதிலும் உள்ள பலவீனம். இன்னொன்றையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்: ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று பொருளாகாது. மேலோட்டமாகப் படர்ந்திருக்கும் நோய் ஸ்கானில் படாமலே போகக்கூடும். எங்கள் வைத்தியர் இதை ஸ்கானுக்கு முன்பே சொல்லியிருந்ததால், அறிக்கை தெளிவாக இல்லாமல் வந்தபோது மச்சாள் உடைந்துபோகவில்லை.

மருந்து விடயத்தில் அரசு செய்திருப்பது கண்ணால் காணக்கூடிய உதவி. எண்டோமெற்றியோசிஸ் மருந்துகளில் சில நெடுங்காலமாக அரசின் மருந்து மானியப் பட்டியலுக்கு வெளியே இருந்தன. முழு விலையையும் பெண்களே கொடுத்தார்கள். விசான் என்ற பெயரில் விற்கப்படும் டையனோஜெஸ்ட் குளிசை 2024 டிசம்பரில் பட்டியலுக்குள் வந்தது. மற்ற ஓமோன் சிகிச்சைகளாலும் வலிநிவாரணிகளாலும் போதிய ஆறுதல் கிடைக்காதவர்களுக்கான ரையெக்கோ என்ற குளிசை 2025 மே மாதத்தில் வந்தது. 2026 ஜனவரி முதல் மானியப் பட்டியலிலுள்ள ஒரு மருந்துக்கு நாம் கொடுக்க வேண்டிய உச்சத் தொகை 25 டொலர். சலுகை அட்டை உள்ளவர்களுக்கு 7 டொலர் 70 சதம். மச்சாள் டையனோஜெஸ்ட் எடுக்கிறார். நான்காவது மாதம் முதல் அடிவயிற்றுக் குத்துப் பெருமளவு குறைந்திருக்கிறது. நாரி உளைவு குறையவில்லை.

ஆனால் முதல் மூன்று மாதங்களும் சொட்டுச் சொட்டாக இரத்தம் பட்டுக்கொண்டே இருந்தது. இந்தக் குளிசைக்கு அது வழமையான பக்கவிளைவுதான் என்பதைப் பெட்டிக்குள் இருந்த ஆங்கிலத் தாளை நான் வாசித்தபோதுதான் அறிந்தேன். ஒருவேளை தொலைபேசி மொழிபெயர்ப்பில் அது சொல்லப்பட்டு நழுவியிருக்கலாம். எப்படியென்றாலும் மச்சாளுக்கு அது போய்ச் சேரவில்லை. இரத்தம் படும் நாளில் கோயிலுக்குப் போகாத பெண்ணுக்கு மூன்று மாதம் இடைவிடாமல் துடக்கு என்றால் அது என்ன விதமான தனிமை என்பதை நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அவர் மருந்தை இடையில் நிறுத்திவிட எண்ணினார். எங்களுக்குத் தமிழில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம்கூடத் தரப்படவில்லை. மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் கொடுக்கும் அரசு, வீட்டுக்குக் கொண்டுபோய் இரவில் மறுபடி வாசிக்கக்கூடிய ஒரு தாளையும் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால், பாதியில் மருந்தை விடும் பெண்களின் தொகை நிச்சயம் குறையும் என்று நம்புகிறேன்.

இடுப்புத் தசைகளுக்கான பிசியோதெரபிதான் நாரி உளைவுக்கு வழி என்று சொன்னார்கள். பொது வைத்தியர் எழுதித் தரும் நாட்பட்ட நோய்ப் பராமரிப்புத் திட்டத்தின் கீழ் மெடிகெயார் ஆண்டுக்கு 5 சந்திப்புகளுக்கே உதவுகிறது. பிசியோதெரபியும் உணவு ஆலோசனையும் மற்றவையும் எல்லாம் சேர்த்தே அந்த 5. பல ஆண்டுகளாக இறுகிப்போன தசையை 5 சந்திப்பில் தளர்த்த முடியாது என்று எங்கள் பிசியோதெரபிஸ்டே சொன்னார். அந்த 5க்கும்கூட மெடிகெயார் திருப்பித் தரும் தொகை போக மீதியை நாமே கொடுக்க வேண்டும். மனநலத் திட்டத்தின் கீழ் உளவியலாளரிடம் ஆண்டுக்கு 10 சந்திப்புகள் தனியாகக் கிடைக்கின்றன; மச்சாள் இன்னும் அதற்கு இணங்கவில்லை.

எனக்கு மிகுந்த கவலை தருவது சத்திரசிகிச்சைக்கான காத்திருப்பு. கிளினிக் சத்திரசிகிச்சை செய்யும் இடமில்லை. அது பொது வைத்தியசாலையின் பெண்நோயியல் பிரிவுக்குக் கடிதம் எழுதும். அந்தக் கடிதத்தை ஏற்று வெளிநோயாளர் பிரிவில் நிபுணர் ஒருவர் முதலில் பார்க்க வேண்டும். அவர் பார்த்துச் சத்திரசிகிச்சை வேண்டும் என்று சொன்ன பிறகே பெயர் காத்திருப்போர் பட்டியலில் ஏறும். பட்டியலில் 30 நாள், 90 நாள், 365 நாள் என்று அவசரத்துக்கேற்ப மூன்று வகைகள் உண்டு. அந்த நாட்கணக்கு பட்டியலில் பெயர் ஏறிய நாளிலிருந்து தொடங்குகிறது; நிபுணரைப் பார்ப்பதற்காகக் காத்திருந்த மாதங்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. மச்சாளுக்காகக் கடிதம் போய் 6 மாதங்கள் ஆகின்றன. வைத்தியசாலையிலிருந்து, உங்கள் கடிதம் கிடைத்தது என்ற ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்திருக்கிறது. இரண்டு தடவை அழைத்துக் கேட்டபோதும் எத்தனை மாதம் என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வாசலைப் பெரிதாகத் திறந்துவிட்டு, அதற்குப் பின்னாலுள்ள அறையை அதே அளவில் விட்டுவைத்திருக்கிறார்கள். கிளினிக்குகள் நன்றாக வேலை செய்யச் செய்ய அந்த வரிசை நீளும் என்பதை இத்திட்டத்தை வகுத்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

தனியார் வழியில் போகலாம். 2025 ஜூலை முதல், எண்டோமெற்றியோசிஸ் போன்ற சிக்கலான நோய்களுக்காகப் பெண்நோயியல் நிபுணரை 45 நிமிடமோ அதற்கு மேலோ சந்திப்பதற்கு மெடிகெயார் கூடுதல் தொகை திருப்பித் தருகிறது. நல்ல மாற்றம். ஆனால் நிபுணர் தாம் விரும்பிய கட்டணத்தை வைக்கலாம் என்பதால், மீதித் தொகை நம் கையிலிருந்து போவது நிற்கவில்லை. அடிப்படை, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் பிரித்திருக்கும் தனியார் காப்புறுதியில் வெண்கலத் தரத்திலிருந்தே இந்தச் சத்திரசிகிச்சை அடங்கும். ஏற்கெனவே இருந்த நோய் என்றால் 12 மாதம் காத்திருக்க வேண்டும். இன்றைக்குக் காப்புறுதி எடுத்தால் மச்சாளுக்கு அடுத்த ஆண்டுதான் பலன். தம்பியின் சம்பளத்தில் அவர்கள் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிளினிக்குகளும் இலவசம் என்று எண்ணிவிட வேண்டாம். அரசு நிதி கிளினிக்கை நடத்துவதற்கு. சந்திப்புக் கட்டணத்தை ஒவ்வொரு நிலையமும் தானே வைக்கிறது. தாதியைச் சந்தித்ததற்கு எங்களிடம் பணம் வாங்கவில்லை, வைத்தியருக்கு வாங்கினார்கள். முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு முற்றிலும் வெளியே நிற்பவர்களைப் பற்றி எழுதாமல் விட்டால் நான் நேர்மையற்றவளாவேன். மாணவர் விசாவில் வந்திருக்கும் பிள்ளைகளுக்கு மெடிகெயார் இல்லை. அவர்களுடைய மாணவர் சுகாதாரக் காப்புறுதியிலும் ஏற்கெனவே இருந்த நோய்க்கு 12 மாதக் காத்திருப்பு உண்டு. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ 20 வயதில் வரும் பெண்பிள்ளை, இரவில் கடையில் வேலை செய்து கட்டணம் கட்டிக்கொண்டு, இந்த வலியையும் தூக்கிக்கொண்டு திரிகிறாள். தேசியச் செயற்திட்டம் என்று பெயர் வைத்த பிறகு, இந்தத் தேசத்தின் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கட்டும் பிள்ளைகளும் அதற்குள் வர வேண்டும். அதேபோல 33 கிளினிக்குகள் என்பது இவ்வளவு பரந்த நாட்டுக்கு மிகச் சொற்பம். எங்களுக்கு 40 நிமிடக் கார்ப் பயணம். உள்நாட்டுச் சிற்றூர்களில் வாழ்பவர்களுக்கு அது ஒரு நாள் சம்பளத்தை இழக்கும் பயணம்.

பாடசாலைகளில் நடப்பதையும் பாராட்ட வேண்டும். அவுஸ்திரேலிய இடுப்புவலி அறக்கட்டளை அரசின் நிதியோடு உயர்தரப் பாடசாலைகளில் மாதவிடாய் வலி பற்றிய வகுப்பொன்றை நடத்துகிறது. 15 வயதான என் மகள் அதைக் கேட்டுவிட்டு வந்த அன்றைக்கே, பாடசாலைக்குப் போக முடியாத அளவு வலி வந்தால் அது வழமை இல்லையாம் என்று அம்மம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். மேசையில் மச்சாளின் உடற்படத் தாளின் பிரதி கிடந்தது. 68 வயதான என் அம்மா அதைக் கையில் எடுத்து, முதுகுப்புறப் படத்தில் தாதி 'நாரி' என்று எழுதியிருந்த இடத்துக்குச் சற்றுக் கீழே விரலை வைத்து, "எனக்கு இதிலை இருந்து துவங்கும்" என்றார். என் 44 வயதுவரை அவர் அதை என்னிடம் சொன்னதில்லை.

மதிப்பெண் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். நோயாளியின் சொல்லைக் கேட்டு, நம்பி, எழுதிக்கொள்வதில் இந்தக் கிளினிக்குக்கு 5க்கு 5 கொடுப்பேன். மருந்து மானியத்துக்கு 4. பிசியோதெரபிக்கு 2. கிளினிக்கிலிருந்து சத்திரசிகிச்சை வரையுள்ள பாதைக்கு 1 கொடுக்கவும் கை வரவில்லை. இருந்தும், வலியோடு இருக்கும் எவரும் போகத்தான் வேண்டும் என்பதே என் முடிவு. எல்லாவற்றுக்கும் தொடக்கமான அந்த எழுத்துப் பதிவு இல்லாமல் அடுத்த எந்தக் கதவும் திறக்காது.

போகும் முன் இரண்டு மூன்று மாதவிடாய்களுக்காவது ஒரு கொப்பியில் நாளும் வலியும் எழுதிவையுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, இழுவை என்று வலிக்கு நம்மிடம் இருக்கும் சொற்களை ஒன்றாகக் குழைத்து வலி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த வேறுபாடுதான் வைத்தியருக்கு வேண்டியது. அடிலெய்ட் பல்கலைக்கழகத்தின் எண்டோசோன் இணையத்தளத்தில் ஆங்கிலத்தில் கேள்விகளுக்குப் பதில் கொடுத்து, வைத்தியரிடம் காட்டக்கூடிய அறிக்கையொன்றையும் எடுத்துக்கொள்ளலாம். முன்பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். இலங்கைத் தமிழர் வேண்டும், பெண் வேண்டும் என்றும் கேட்டுப் பாருங்கள். எங்கள் இரண்டாவது சந்திப்புக்குக் கேட்டபடியே கிடைத்தது. தேசிய மொழிபெயர்ப்புச் சேவையின் எண் 131 450. எந்த நேரத்திலும் அழைக்கலாம், வைத்தியர்கள் உங்கள் சந்திப்புக்காக அதைப் பயன்படுத்தும்போது உங்களிடம் கட்டணம் கேட்க மாட்டார்கள். அந்தச் சேவை தமக்கு இருப்பதே தெரியாத பொது வைத்தியர்களை நான் பார்த்திருக்கிறேன், ஆகவே எண்ணை நீங்களே கையில் வைத்திருங்கள்.

மச்சாளின் ஐந்தாவது சந்திப்பு வருகிற மாதம். கொப்பி நிரம்பிவிட்டதால் நேற்றுப் புதிதாக ஒன்று வாங்கினார். வைத்தியசாலையிலிருந்து திகதி வந்ததும் இந்த மதிப்பீட்டில் அதைச் சேர்த்து எழுதுவேன்.